முப்பது பவுண்டு வெர்னா

“ஏண்டி, நம்ம ஃப்ரீசர்ல வெர்னா ஆன்ட்டி தலை எதுக்குடி இருக்கு?”

செப்டம்பரில் ஒரு மத்தியானம் ஐஸ்கிரீம் எடுக்கப் போன அக்கா காரின் இப்படிக் கேட்டபோது, அவள் தங்கை ப்ரிட்டாவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். பார்த்த மாத்திரத்தில் தெரிகிறதா? தலையில் பெயர் எழுதி ஒட்டியிருக்கவில்லை. மூடியிருந்த வெள்ளைப் பையைக்கூட காரின் முழுதாக விலக்கவில்லை. ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்ததற்கே ஆளைச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

“கத்தாதக்கா. யார்கிட்டயும் சொல்லிடாத.”

“நான் ஏன் சொல்லப்போறேன்? ஆனா என்னைப் பாத்து முறைக்குதுடி. காபி தண்ணியா இருக்குன்னு சொல்லப்போற மாதிரியே இருக்கு.”

அந்த வீட்டு ஃப்ரீசருக்குத் தலை புதிதல்ல. காரின் அந்த வருஷம் பால்பண்ணை இளவரசிப் போட்டியில் கடைசிச் சுற்றுவரை போனவள். ஆகஸ்டு மாதம் மாநிலக் கண்காட்சியில், கண்ணாடிக் குளிரறைக்குள் கோட்டும் கிரீடமுமாக அவளை உட்கார வைத்து, தொண்ணூறு பவுண்டு வெண்ணெய்க் கட்டியில் அவள் முகத்தைச் செதுக்கிக் கொடுத்தார்கள். அந்தத் தலை வீட்டுக்கு வந்து இரண்டே வாரத்தில் மக்காச்சோள விருந்தில் செலவாகிவிட்டது. எண்பது பேர் சுடச்சுட வெந்த கதிர்களை அதன்மேலேயே உருட்டி உருட்டித் தின்றார்கள். முதலில் காது போனது. காரின் அதன் பக்கத்திலேயே நின்று, “கன்னத்துல உருட்டுங்க மாமா, அங்கதான் நிறைய இருக்கு” என்று உபசரித்தாள்.

செதுக்கும்போது உதிர்ந்த முப்பது பவுண்டுத் துண்டுகளை இரண்டு வாளிகளில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த வாளிகளை யாரும் கேட்கவில்லை. ப்ரிட்டா எடுத்துக்கொண்டாள். பால் கறக்கும் கொட்டகைக்குப் பின்னால், பால் தொட்டி இருக்கும் குளிரறையில், ஒரு பழைய கரண்டியும் அம்மாவின் காய்கறிக் கத்தியும் வைத்துக்கொண்டு, பதினெட்டு நாள் சாயங்காலங்களில் அவள் செய்ததுதான் வெர்னாவின் தலை.

ஏன் வெர்னா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வெர்னா சர்ச் சமையலறையின் தலைவி. முப்பது வருஷமாகத் தலைவி. ப்ரிட்டா பதினொரு வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தச் சமையலறை மூலையில் காபிக் கோப்பை கழுவுகிறவள். கழுவுகிறவள் பேச வேண்டியதில்லை, அது ப்ரிட்டாவுக்கு ரொம்பப் பிடிக்கும். பேசாதவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை என்ன? வெர்னா காபியை ருசி பார்க்கும்போது வலது புருவம் மட்டும் ஏறுவது, கோபத்தை விழுங்கும்போது சதை மடிந்த இரண்டாவது தாடை முதல் தாடையை முட்டிக்கொண்டு வருவது, கொண்டையிலிருந்து எப்போதும் ஒரு ஊசி வெளியே தலை நீட்டுவது எல்லாம் ஆறு வருஷமாக அவள் கண்ணில் தங்கிக் கிடந்தன. வெண்ணெய் கையில் வந்ததும் அவை வரிசையாக இறங்கி வந்தன.

அக்டோபரில் பள்ளி ஆலோசகர் அவளுடைய கல்லூரி விண்ணப்பத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்ல பொண்ணும்மா நீ. மார்க்கும் மோசமில்ல. ஆனா இதைப் படிச்சா உள்ள ஒரு ஆள் இருக்கிற மாதிரியே தெரியலயே. விளையாட்டு இல்ல, நாடகம் இல்ல, பாட்டுக் குழு இல்ல. ரெண்டு டீச்சரும் ‘அமைதியானவள்’னு எழுதியிருக்காங்க. அதுல ஒருத்தர் உன் பேரை பிரெண்டான்னு போட்டிருந்தாரு, நான்தான் திருத்தச் சொன்னேன். வேற ஏதாவது இருக்கா உன்கிட்ட?”

ப்ரிட்டா தலையை ஆட்டினாள். அது ஆமாவா இல்லையா என்று அவருக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை.

அவள் போக ஆசைப்பட்ட கல்லூரி ஒஹையோ மாநிலத்தில் இருந்தது. அங்கே சிற்பக்கூடம் ஒன்று பழைய ரயில் பணிமனைக்குள் இருந்தது. படத்தில் பார்த்த நாளிலிருந்து அந்த உயரமான ஜன்னல்கள் அவள் தூக்கத்தில் வந்துகொண்டிருந்தன. அவர்களுடைய இணையதளத்தில் அடியில், சின்ன எழுத்தில், ஒரு குறிப்பு இருந்தது. கூடுதலாக எதுவும் அனுப்பத் தேவையில்லை. விண்ணப்பம் சொல்லாத ஒன்றைச் சொல்லுமானால் மட்டும் அனுப்பவும். சிற்பம் என்றால் நான்கு பக்கங்களிலிருந்தும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் வேண்டும். பொருளை அனுப்ப வேண்டாம். கடைசி நாள் நவம்பர் பதினைந்து, மாலை ஐந்து மணி.

அவள் விண்ணப்பம் எதையுமே சொல்லவில்லை. ஆக, அந்தத் தலைதான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஏன் கடைசி நாள்வரை இழுத்தடித்தாள்? படம் எடுக்கத் தலையை வெளியே கொண்டுவர வேண்டும். வெளியே என்றால் முற்றம். முற்றத்தில் அப்பா இருப்பார், பால் வண்டிக்காரர் இருப்பார், யாராவது ஒருவர் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போக வந்திருப்பார். பார்த்தால் செய்தி வெர்னாவுக்குப் போகும். வெர்னாவுக்குப் போனால் ப்ரிட்டா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஊரைவிட்டே ஓட வேண்டியதுதான். நவம்பர் பதினைந்து சனிக்கிழமை, அன்றுதான் சர்ச்சில் வருடாந்தர மீன் விருந்து. ஊரே தரைக்குக் கீழே இருக்கும் அந்தக் கூடத்துக்குள் இறங்கிவிடும், முற்றம் காலியாக இருக்கும். வயிற்று வலி என்று சொல்லிவிடலாம் என்று அவள் மூன்று வாரத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தாள்.

வயிற்று வலியெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மூன்று மணிக்கு ஃப்ரீசரைத் திறந்தபோது, அவள் முகத்துக்கு நேரே ஒரு மான்கால் நின்றது.

மானுக்குக் கீழே மான். அதற்குக் கீழேயும் மான்தான்.

அப்பா காரேஜ் வாசலில் நின்று கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விருந்துக்குப் போகும் முன் வேட்டையாடிக் கொண்டுவந்த மானை அடுக்கி முடித்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

“அப்பா, இங்க ஒரு வெள்ளைப் பை இருந்துச்சே?”

“மானுக்கு இடம் வேணாமா? அது வெண்ணெய்தானே? காலையில ஆர்லோ வந்தான், விருந்துக்கு வெண்ணெய் பத்தலைன்னான். தூக்கிக் கொடுத்துட்டேன்.”

“பிரிச்சுப் பாத்தீங்களா?”

“வெண்ணெயில பாக்க என்ன இருக்கு? கனமா இருந்துச்சு. அவனுக்கு ரொம்ப சந்தோஷம்.” அப்பா நிமிர்ந்து பார்த்தார். “வயித்து வலி எப்படி இருக்கு?”

“இப்பதான் நிஜமா வலிக்குது.”

காரின் விருந்துக்காகத் தலை சீவிக்கொண்டிருந்தாள். ப்ரிட்டா அவள் அறைக்குள் ஓடிவந்து, “தலை! சர்ச்! வெண்ணெய்!” என்று மூன்று சொல் சொன்னாள். காரினுக்கு அது போதும். சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தாள்.

சர்ச்சுக்கு ஏழு மைல். ஆறு மைலை அவர்கள் ஆறு நிமிடத்தில் கடந்தார்கள். ஏழாவது மைலில் நாற்சந்தி. நான்கு பக்கமும் நான்கு வண்டிகள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. இந்தப் பக்கத்துக்காரர் கையைக் காட்டினார், நீங்க போங்க என்று. அந்தப் பக்கத்து அம்மாள், இல்லையில்லை நீங்க போங்க என்றாள். காரின் இரண்டு பேருக்கும் கையைக் காட்டினாள்.

“நீ ஏன்க்கா கையைக் காட்டுற? போ!”

“எப்படிடி போறது? அவங்கதான் முதல்ல வந்தாங்க.”

“அங்க வெர்னா ஆன்ட்டி மண்டையைத் தின்னுக்கிட்டிருக்காங்க!”

“அதுக்காக மரியாதை இல்லாம போக முடியுமா?”

நான்கு வண்டிகளும் ஒரே சமயத்தில் ஓரடி நகர்ந்தன, ஒரே சமயத்தில் நின்றன, மறுபடியும் நான்கு கைகள் அசைந்தன. ப்ரிட்டா கண்ணாடியை இறக்கி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, முன்பின் தெரியாத மனிதர்களைப் பார்த்துக் கத்தினாள்: “நாங்க போறோம்!” எதிர் வண்டிக்காரர் தொப்பியைத் தூக்கி நன்றி சொன்னார்.

சர்ச்சின் கீழ்க்கூடத்தில் நூற்றைம்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியிலும் அதற்கு மேலே வாசலிலும் எண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் எண்பத்து மூன்று பேர் நின்றார்கள். சாம்பல் காரநீரில் ஊறி வெந்த மீனின் வாசனை படியேறி வந்து கோட்டைப் பிடித்து இழுத்தது. அந்த மீனைச் சும்மா யாரும் சாப்பிட மாட்டார்கள். உருக்கிய வெண்ணெயைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, மீன் மூழ்கிய பிறகுதான் முள்கரண்டியை எடுப்பார்கள்.

வெண்ணெய்ச் சட்டி ஆர்லோவின் பொறுப்பு. நாற்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அடுப்பு ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு, எதையோ மறைக்கிற மாதிரி நின்றிருந்தார். ப்ரிட்டாவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“உங்கப்பன் என்னைக் கொல்லப் பாத்திருக்கான். பையைப் பிரிச்சா அவங்க என்னை முறைக்கிறாங்க. நான் மன்னிப்பே கேட்டுட்டேன், நிஜமாத்தான் சொல்றேன்.”

“எங்க அங்கிள் அது?”

அவர் விலகினார். ஒரு பெரிய தட்டில், முகம் சுவரைப் பார்க்கத் தலை இருந்தது. இருந்தது என்றால் பாதி இருந்தது. கொண்டை இல்லை, அதிலிருந்த ஊசியும் இல்லை. கழுத்தும் இரண்டு காதும் போயிருந்தன. பின்மண்டை முழுக்கக் கத்தி வெட்டிய வழவழப்பான சுவராக இருந்தது. ஆர்லோ பின்பக்கத்திலிருந்தே வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“முகத்துல கை வைக்கத் தைரியம் வரலம்மா. பேருந்துல முப்பது பிசாசுங்களை ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். இது முடியல.”

சமையலறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேருக்கும் அது யார் என்று தெரியும். காலையிலிருந்தே தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உருளைக்கிழங்கு ரொட்டி மடித்துக்கொண்டிருந்த பெண் மட்டும் ஒரு தடவை, “அந்த வெண்ணெய் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு, இல்ல?” என்று சொன்னாளாம். அந்த ஊரில் அதைவிடக் கடுமையாக யாரும் யாரையும் விமரிசனம் செய்ததில்லை. மற்றவர்கள் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே, “ஆமா, வித்தியாசம்தான்” என்றார்களாம்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால். மேலே ஜன்னலில் தெரிந்த வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நான்கு பக்கத்தில் ஒரு பக்கம் ஊர்க்காரர்கள் வயிற்றில் இருந்தது.

“இன்னும் பதினஞ்சு நிமிஷம் குடுங்க அங்கிள். வெளிய எடுத்துட்டுப் போய்...”

“வெண்ணெய் எங்க ஆர்லோ?”

வெர்னா வந்துவிட்டாள். மீன் அண்டாவின் ஆவியில் அவள் முகம் சிவந்திருந்தது. கொண்டையிலிருந்து ஒரு ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “எண்பத்து மூணு பேர் நிக்கிறாங்க. சட்டி காலி. அங்க என்ன வேடிக்கை?”

ஆர்லோ கையை விரித்துக்கொண்டு நின்றார். வெர்னா அவரை ஒரு நாற்காலியை நகர்த்துவதுபோல நகர்த்தினாள். தட்டைத் திருப்பினாள்.

சமையலறையில் தண்ணீர்க் குழாயைக்கூட யாரோ மூடிவிட்டார்கள்.

வெர்னா குனிந்து பார்த்தாள். வலது புருவம் ஏறியது. தட்டில் இருந்த புருவமும் அதே அளவு ஏறியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

“யாரு இது?” என்றாள் வெர்னா. “எவளோ ஒருத்தி, கெட்டுப்போன பாலைக் குடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு.”

ரொட்டி மடித்தவள் முன்னால் கட்டியிருந்த ஏப்ரன் நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். ஆர்லோ கூரையைப் பார்த்தார். காரினுக்குத் தோள் குலுங்கியது, சீப்பு தலையிலிருந்து விழுந்தது.

ப்ரிட்டாவுக்கு ஓடிவிடலாம் என்றிருந்தது. கதவு நான்கடி தூரம். ஆனால் அந்த நான்கடிக்கு அப்பால் ஒஹையோ இல்லை, கோப்பை கழுவும் தொட்டிதான் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். திறந்ததும் அடங்கவில்லை.

“நீங்கதான் ஆன்ட்டி. நான்தான் செஞ்சேன். கேலி பண்ண இல்ல, சத்தியமா இல்ல. ஆறு வருஷமா வாராவாரம் பாத்த முகம், அதான் கைக்கு வந்துச்சு. காலேஜுக்கு நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பணும், அஞ்சு மணிக்குள்ள, பகல் வெளிச்சத்துல, என் அப்ளிகேஷன்ல வேற ஒண்ணுமே இல்ல ஆன்ட்டி, அதுல நானே இல்ல. இப்ப பின்பக்கத்தைத் தின்னுட்டாங்க. மிச்சம் இருக்கிற மூணு பக்கத்தையாவது உருக்காம எனக்குக் குடுங்க.”

இவ்வளவு சொற்களை அவள் அந்தச் சமையலறையில் ஆறு வருஷத்தில் மொத்தமாகக்கூடப் பேசியதில்லை. கேட்டவர்கள் திகைத்தது தலையைப் பார்த்து இல்லை, இதைக் கேட்டுத்தான்.

வெர்னா தட்டைத் தூக்கி விளக்கடியில் பிடித்தாள்.

“என் மூக்கு இவ்வளவு பெருசா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது பேரும் சொல்லு, சொல்லு என்று கண்ணால் கெஞ்சினார்கள்.

“ஆமா ஆன்ட்டி,” என்றாள் ப்ரிட்டா. “கொஞ்சம் குறைச்சுப் பாத்தேன். அப்ப நீங்களா இல்ல.”

ஆர்லோ கண்ணை மூடிக்கொண்டார். வெர்னாவின் இரண்டாவது தாடை முதல் தாடையை முட்டியது. பிறகு அவள் பரிமாறும் ஜன்னலுக்குப் போய்த் தலையை வெளியே நீட்டி, முப்பது வருஷத்தில் யாரும் கேட்டிராத ஒன்றைச் சொன்னாள்.

“வெண்ணெய் கொஞ்சம் லேட்டாகும். பொறுத்துக்குங்க.”

கூடத்தில் நூற்றைம்பது முள்கரண்டிகள் நின்றன.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ப்ரிட்டாவுக்குக் கனவு மாதிரிதான். ஆர்லோ தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். “வழி விடுங்க, வெர்னா வர்றாங்க, வெர்னா வர்றாங்க” என்று அவர் கத்த, வழிவிட்டவர்கள் தட்டைப் பார்த்தார்கள், பின்னால் வந்த வெர்னாவைப் பார்த்தார்கள், மறுபடியும் தட்டைப் பார்த்தார்கள். வாசல் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் பனியை ஒதுக்கித் தலையை வைத்தார்கள். நல்ல குளிர். வெண்ணெய் கல்லாக நின்றது. சாயும் வெயில் வலது கன்னத்தில் விழுந்து, சுருக்கம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துக் காட்டியது. எண் சீட்டோடு நின்ற எண்பத்து மூன்று பேரும் அரை வட்டமாகக் கூடிவிட்டார்கள்.

“நிழல் விழுது, நகருங்க!” என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று ப்ரிட்டாவுக்குத் தெரிய ஒரு நொடி ஆனது. எண்பத்து மூன்று பேரும் நகர்ந்தார்கள். “அங்கிள், தட்டைக் கொஞ்சம் திருப்புங்க. போதும். அக்கா, அந்தப் பனியைத் துடை. மூக்குல இல்ல, புருவத்துல!”

முன்பக்கம் ஒன்று. இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒன்று. நான்காவதுக்குத் தலையின் பின்பக்கம் போய் நின்றாள். வெறும் வெட்டுச் சுவர். நடுவில் ஆர்லோவின் கத்தித் தடம்.

“இது என்ன தலை, பனீர்க் கட்டி மாதிரி இருக்கு” என்றாள் காரின்.

ப்ரிட்டா நகத்தைக் கடித்தாள். பிறகு அவளுக்கு உள்ளே ஏதோ குதித்தது. குளிருக்குத் தொப்பி போட்டிருந்த வெர்னா பக்கம் திரும்பினாள்.

“ஆன்ட்டி, அந்தத் தொப்பியைக் கழட்டுங்க. இப்படி வாங்க. இதுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. எனக்கு முதுகைக் காட்டி. இன்னும் கொஞ்சம் குனிங்க. இன்னும்!”

“என்னைக் குனியச் சொல்றா” என்றாள் வெர்னா, யாருக்கென்று இல்லாமல். குனிந்தாள்.

“ஆடாதீங்க. தாடையைத் தூக்குங்க. மூச்சு விடாதீங்க, ஆவி வருது.”

வெட்டுப்பட்ட வெண்ணெயின் மேல் அசல் கொண்டை உட்கார்ந்தது. ஊசி நீட்டிக்கொண்டு நின்றது. வெண்ணெய் எங்கே முடிகிறது, வெர்னா எங்கே தொடங்குகிறாள் என்று தெரியாத ஒரு இடத்தில் ப்ரிட்டா பட்டனை அழுத்தினாள். கூட்டத்தில் யாரோ கைதட்டினார், உடனே வெட்கப்பட்டுக் கையுறைக்குள் கையை விட்டுக்கொண்டார்.

மணி நாலரை. சர்ச் வாசலில் இணையம் பாதிதான் வரும். காரின் ப்ரிட்டாவிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு, பனி வாரிக் குவித்த மேட்டின் உச்சிக்கு ஏறினாள். “ஒரு கோடு! ரெண்டு கோடு! போச்சுடி! இரு, வருது!” என்று மேலிருந்து செய்தி வாசித்தாள். முதல் மூன்று படங்கள் ஏறின. நான்காவது படத்துக்குக் குறிப்பு எழுதக் கட்டம் கேட்டது. ப்ரிட்டா மேட்டில் தவழ்ந்து ஏறி, விறைத்த விரலால் எழுதினாள்: நான்காம் பக்கம். சிற்பத்தின் இந்தப் பகுதி சாப்பிடப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக அசல் இணைக்கப்பட்டுள்ளது.

நாலு ஐம்பத்திரண்டுக்குத் திரையில் பச்சை அடையாளம் வந்தது. கிடைத்தது, நன்றி.

காரின் கத்தினாள். ஆர்லோ தொப்பியை மேலே எறிந்தார், அது சர்ச் கூரையில் மாட்டிக்கொண்டது. ப்ரிட்டா மேட்டிலிருந்து உட்கார்ந்தபடியே சறுக்கிக் கீழே வந்தாள், வாயெல்லாம் பனி, சிரிப்பு நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது எதிரே வெர்னா நின்றிருந்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

“சரி வெர்னா,” என்று ஆர்லோ மெதுவாக ஆரம்பித்தார். கையில் கத்தியும் இருந்தது. “வெளிச்சமும் போயிடுச்சு. சட்டி காய்ஞ்சு கிடக்கு. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் கண்ணை மூடிக்கிட்டு வெட்டிடுவேன்.”

அந்த ஊரில் ஒருவர் கிளம்புவதென்றால் சாமானியம் இல்லை. முதலில் தொடையைத் தட்டி, “அப்ப சரி” என்பார்கள். பிறகு எழுந்து கால் மணி நேரம் பேசுவார்கள். கதவருகே மறுபடியும் கால் மணி. வண்டிக் கண்ணாடியை இறக்கி, மிச்சம் இருப்பதையும் பேசி, மான் குறுக்கே வரும் பார்த்துப் போங்க என்று இரண்டு தடவை சொல்லிக் கையசைத்த பிறகுதான் சக்கரம் உருளும். வெர்னாவோ விருந்து நாளில் கடைசிக் கரண்டி துடைக்கப்படும்வரை அந்த வாசலை விட்டுக் கிளம்பியதே இல்லை.

அவள் ஏப்ரனைக் கழற்றினாள். வெண்ணெய் முகத்தின் மேல் அதைப் போர்த்தி, தாடைக்குக் கீழே நுனிகளைச் செருகினாள். ஆர்லோவின் கத்தியைக் கடந்து, எண்பத்து மூன்று பேரையும் கடந்து, தட்டைத் தூக்கிக்கொண்டு தன் வண்டிக்குப் போனாள். முன் இருக்கையில் வைத்தாள். பெல்ட்டை இழுத்து அதன் குறுக்கே மாட்டினாள். ஏறி உட்கார்ந்து, முகம் உருகாமல் இருக்க அந்தக் குளிரில் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, யாரிடமும் ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டாள்.